ஆர்வம் இல்லையாம்!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மொராக்கோவில் நடந்த 17 வயதுக்கு உட்பட்ட பெண்கள் உலகக் கோப்பைக் கால்பந்து பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். 24 அணிகள் ஆடியது, இறுதி ஆட்டத்தில் வடகொரியா நெதர்லாந்தை 3-0 என்று வென்றது, 2029 வரை வருஷா வருஷம் மொராக்கோவிலேயே நடக்கப்போவது எல்லாம் கட்டுரையாளர் சரியாகத்தான் எழுதியிருந்தார். கடைசிப் பத்தியில் அவருக்குத் திடீரென்று நம் பக்கத்து ஞாபகம் வந்துவிட்டது. காவிரி டெல்டா மாவட்டங்களில் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்தில் ஆர்வம் இல்லை என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போய்விட்டார். யாரையாவது கேட்டாரா, எந்த ஊருக்காவது வந்தாரா என்று கட்டுரையில் ஒரு தடயமும் இல்லை.

கொள்ளிடத்துக்கு அந்தக் கரை கடலூர் மாவட்டம். இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர், தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன். மதுரையின் சேது எஃப்.சி. 2019-இல் இந்தியப் பெண்கள் லீக்கையே வென்றது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? ஆக, கடலூரிலும் மதுரையிலும் ஆர்வம் விளைகிறது, நடுவே டெல்டாவுக்கு வந்தால் மட்டும் கருகிவிடுகிறது என்று கட்டுரையாளர் சொல்கிறார். மேட்டூர்த் தண்ணீரில் ஏதோ கோளாறு போலிருக்கிறது.

நான் பாபநாசம் வட்டத்தில் விவசாயம் பார்ப்பவன். என் மகள் வயிற்றுப் பேத்தி ஊர்ப் பள்ளி அணியில் கோல் கீப்பர். அணி என்று சொல்வது கொஞ்சம் மரியாதைக்குத்தான். பதினொரு பேர் சேர்ந்தால் அன்றைக்கு ஆட்டம், குறைந்தால் வெறும் பயிற்சி. பள்ளி மைதானத்தில் குறுவை அறுவடை முடிந்ததும் நெல் மூட்டை வந்து இறங்கிவிடும். கொள்முதல் நிலையத்தில் இடம் போதாது, லாரி வராது, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று எடுக்காமல் நிற்கும். அப்புறம் வடகிழக்குப் பருவமழை. படுதா போட்டு மூடிய மூட்டைக்கும் மதில் சுவருக்கும் நடுவே உள்ள சந்தில் பிள்ளைகள் பந்தை உதைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த நெல்லைத் தூக்கி வெளியே போடு என்று நான் எப்படிச் சொல்வது? அதில் என் மூட்டையும் இருக்கிறது. ஆனால் மைதானத்துக்கு எதிரே கொள்முதல் நிலையத்துக்குக் கிடங்கு கட்ட வேண்டும் என்று ஊரார் மனுக் கொடுத்துப் பல காலம் ஆகிறது. அது பற்றி உங்கள் பத்திரிகைக்கும் எழுதினேன். வரவில்லை. சரி, இடம் இருந்திருக்காது.

நெல் போனால் பந்தல் வரும். கட்சிக் கூட்டம், கோயில் கச்சேரி, பொருட்காட்சி எல்லாவற்றுக்கும் அந்த ஒரே மைதானம்தான். பந்தல்காரர் குழி தோண்டிவிட்டு மூடாமல் போவார். போன வருஷம் ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் பிசகியது அந்தக் குழியில்தான். தை, மாசியில் சம்பா அறுத்த பிறகு வயலில் ஆடலாமே என்று பட்டணத்தில் இருப்பவர்கள் நினைக்கலாம். எங்கள் பக்கம் அறுப்புக்கு முன்பே நெல்லுக்குள் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவோம். அதில் மிதித்தால் நானே கம்பை எடுத்துக்கொண்டு ஓடுவேன். உளுந்து தெளிக்காத ஏதோ ஒரு துண்டு நிலத்தைத் தேடிப்பிடித்து, நெல் தாள் காலைக் குத்தக் குத்த, சவுக்குக் கழியை நட்டு கோல் போஸ்ட் என்று வைத்து ஆடுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் பெரியவர்கள் ‘டவுசர் போட்டுக்கொண்டு என்ன ஆட்டம்’ என்பார்கள். மறுநாளும் போகிறார்கள். இதற்குப் பெயர் ஆர்வமில்லை என்றால் சரி, இருக்கட்டும்.

பத்தாம் வகுப்பு வந்தால் பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வார். 17 வயதுக்கு உட்பட்டோர் போட்டிக்கு ஒரு பெண் தயாராக வேண்டிய வயது அதேதான். அந்த வருஷத்தில் பந்தைத் தொட்டால் வீட்டிலும் திட்டு, பள்ளியிலும் திட்டு.

2022-இல் இந்த உலகக் கோப்பை நம் நாட்டுக்கே வந்தது. புவனேஸ்வர், கோவா, நவி மும்பை என்று மூன்று ஊர்களில் நடந்தது. தமிழ்நாட்டில் ஓர் ஆட்டமும் இல்லை. 2017-இல் ஆண் பிள்ளைகளுக்கு நடந்தபோதும் ஆறு ஊர்களில் நாம் இல்லை. 2022 போட்டியில் நம் பெண்கள் அமெரிக்காவிடம் 8, மொராக்கோவிடம் 3, பிரேசிலிடம் 5 கோல் வாங்கினார்கள், ஒன்றும் போடவில்லை. கட்டுரையாளர் அந்தப் பதினாறைக் கூட்டி எழுதியிருக்கிறார். கூட்டல் சரி. அந்தப் போட்டி முதலில் 2020-இல் நடக்க வேண்டியது, கொரோனாவால் 2021-க்குத் தள்ளிப்போய்க் கடைசியில் ரத்தானது. 2020-க்காகப் பயிற்சி எடுத்தவர்களில் 2003, 2004-இல் பிறந்தவர்களுக்கு 2022-இல் வயது தாண்டிவிட்டது. தண்ணீர் தாமதமாக வந்து நாற்று முற்றிப்போன கதைதான். போதாததற்கு, போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஆகஸ்டில் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா நம் கால்பந்து சம்மேளனத்தையே சஸ்பெண்ட் செய்தது. பத்து நாள் கழித்துத்தான் நீக்கினார்கள். இதையும் கூட்டலில் சேர்த்திருக்கலாம். அந்த இந்திய அணியின் கேப்டன் அஸ்தம் ஒராவ் ஜார்க்கண்டில் கும்லா மாவட்டத்துப் பெண். அவர் கேப்டன் ஆன பிறகுதான் ஊருக்குச் சாலை போட்டார்கள். அந்தச் சாலையில் அவருடைய பெற்றோரே கூலி வேலை செய்ததாகச் செய்தி வந்தது.

அந்த வருஷம் அக்டோபர் 30 அன்று நவி மும்பையில் ஸ்பெயின் கொலம்பியாவை 1-0 என்று வென்று கோப்பையை எடுத்தது. அதே நாள் பெர்த்தில் நம் ஆண்கள் கிரிக்கெட் அணி தென்னாப்பிரிக்காவிடம் தோற்றது. மறுநாள் உங்கள் தாளில் எதற்கு அரைப் பக்கம், எதற்கு ஒற்றைப் பத்தி என்று நான் சொல்லத் தேவையில்லை, அச்சடித்தவர் நீங்கள். நம் நாட்டில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டம் அது! 2025 அக்டோபரில் நம் 17 வயதுப் பெண்கள் பிஷ்கெக்கில் உஸ்பெகிஸ்தானை 2-1 என்று வென்று, 2026-இல் சீனாவில் நடக்கும் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்களே, அது எந்தப் பக்கத்தில் வந்தது? நான் மூக்குக் கண்ணாடி போட்டுத்தான் தேடினேன்.

இனி என் சொந்தக் கதை. விளையாட்டு விடுதிக்கான தேர்வு தஞ்சாவூரில் காலை ஏழு மணிக்கு என்று உங்கள் தாளில் ஒரு சின்ன அறிவிப்பு வந்தது. தேர்வு நடந்த அன்று காலையில். ஆதார், பிறப்புச் சான்று, பள்ளியில் படிக்கிறாள் என்பதற்குத் தலைமையாசிரியர் சான்று எல்லாம் வேண்டும் என்றும் போட்டிருந்தீர்கள். தலைமையாசிரியர் வீட்டைத் தேடிப் போய்க் கையெழுத்து வாங்கி, பஸ் பிடித்து நாங்கள் போய்ச் சேரும்போது பட்டியலை முடித்துவிட்டார்கள். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். “அடுத்த வருஷம் வாங்க ஐயா” என்றார். பேத்தி பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மாலையே பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்பதையும் கட்டுரையாளருக்குச் சொல்லுங்கள்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. தேர்வு பற்றிய செய்திக் குறிப்பு உங்கள் அலுவலகத்துக்கு வந்த மறுநாளே போடுங்கள். இடம் கிடைக்கும் வரை வைத்திருக்காதீர்கள். பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டியில் பெண்கள் அணிகளின் முடிவையும் இரண்டு வரியாவது டெல்டா பதிப்பில் சேருங்கள். இந்தக் கடிதத்துக்கு இடமில்லை என்றால் பரவாயில்லை, அந்த அறிவிப்புக்கு ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நெடுங்காலச் சந்தாதாரர்,
பாபநாசம் வட்டம்.

(பெயரையும் ஊரையும் போட வேண்டாம். பேத்தி அதே பள்ளியில்தான் படிக்கிறாள்.)