கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

படித்தது கட்டடப் பொறியியல், பார்ப்பதோ ஈரச்சாக்கு போட்டுத் தண்ணீர் தெளிக்கவைக்கும் வேலை என்று அலுத்துக்கொண்டு எழுதியிருந்தாய். இதே துறையில் தலை நரைத்தவள் சொல்கிறேன், உன்னிடம் தந்திருப்பது சின்னப் பொறுப்பு இல்லை.

கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை. சிமெண்டும் தண்ணீரும் வினைபுரிவதால்தான் இறுகுகிறது. ஈரம் போனால் அந்த வினையும் நின்றுபோகும். பார்வைக்குக் கல் மாதிரி இருந்தாலும் மேல்பகுதி நுண்துளைகளோடு நொய்ந்திருக்கும். அதன் வழியே ஈரமும் காற்றும் இறங்கிக் கம்பியைத் தொடும். துருவேறிய கம்பி பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். பழைய பால்கனிகளின் அடியில் பூச்சு உதிர்ந்து செந்நிறக் கம்பி தெரிவதைப் பார்த்திருப்பாய். அதற்கான வித்து பல நேரம் கான்கிரீட் போட்ட முதல் வாரத்திலேயே விழுந்திருக்கும். ஆகவே சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், வெயில் கடுமையாக இருந்தால் 10 நாள், ஈரம் விடாமல் பார்த்துக்கொள். விடுமுறை நாளில் தண்ணீர் விட ஆள் உண்டா என்று முதல் நாளே கேட்டுவிடு.

அதே தண்ணீர் கலவையில் கூடினால் கேடு. கலவை இறுக்கமாக இருக்கிறது, இன்னொரு குடம் ஊற்றலாம் என்பார் மேஸ்திரி. அவரது அனுபவத்தை மதித்தே பேசு, ஆனால் ஊற்ற விடாதே. கம்பி பலகையைத் தொடாமல் இடைவெளி விட அதன் அடியில் வைக்கும் கவர் பிளாக் கட்டை நகர்ந்திருக்கிறதா என்று நீயே குனிந்து பார். கொட்டி மூடிய பிறகு பார்க்க வழியில்லை.

இதெல்லாம் யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது என்று கேட்டிருந்தாய். 1858 கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் தாங்காமல் லண்டன் திணறியது. அதன்பின் பொறியாளர் ஜோசப் பசல்கெட் நகருக்கு அடியில் பெரிய கழிவுநீர்க் கால்வாய்களைக் கட்டினார். கழிவு கலந்த தண்ணீரால் பரவும் காலரா 1866-இல் மீண்டும் வந்தபோது கடுமையாக அடிபட்டது, அந்தக் கால்வாய்த் திட்டம் இன்னும் முழுமையாக எட்டாத கிழக்குப் பகுதிதான். மற்ற பகுதிகளில் பிழைத்தவர்களில் எத்தனை பேர் காலுக்குக் கீழே ஓடும் செங்கல் கால்வாயை நினைத்திருப்பார்கள்? நினைக்காவிட்டாலும் அவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்தார்கள். எனக்கு இந்தத் தொழிலில் பிடித்ததே அதுதான்.

கான்கிரீட் கட்டியை நசுக்கி வலிமை பார்க்கும் 28-ஆம் நாள் கியூப் சோதனையின் முடிவு வந்ததும் எனக்கு எழுது. எண் குறைவாக இருந்தாலும் மறைக்காமல் எழுது, சேர்ந்து யோசிப்போம். தளத்தில் தலைக்கவசத்தைக் கழற்றாதே.

அன்புடன்,
அம்மா