ஓநாய்க்கு நடுகல் இல்லை

பென்னாகரம்

அன்புள்ள சேகர்,

பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று நீ எழுதியதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். இங்கே அனைவரும் நலம். மழைதான் ஏமாற்றிவிட்டது.

நீ எழுதிய 'சப்ரோட் புலி' மனசைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. 1904இல் உங்கள் ஜெர்மனியில், சப்ரோட் கிராமத்துப் பக்கம் சுட்டது ஓநாயை; ஊரார் வைத்த பெயரோ புலி! ஓநாய் என்று ஒன்று இருந்ததையே அவர்கள் மறந்துபோயிருக்க வேண்டும். நம் ஆட்டுக்காரப் பையனும் "புலி வருது" என்றுதானே கத்துகிறான். 2000இல் போலந்து ஓநாய்கள் உங்கள் நாட்டில் மறுபடி குட்டி போட்டதைப் படித்தபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நம் பக்கத்துப் பெயர்களில் ஓநாய் உண்டா என்று கேட்டிருந்தாய். உண்டு. திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில் பீமனுக்கு விருகோதரன் என்று பெயர் சொல்வார்கள், ஞாபகமிருக்கிறதா? ஓநாய் வயிற்றுக்காரன். அடங்காத பசிக்கு அடையாளமாக வந்த பெயர். பழமொழியிலோ, ஆடு நனைகிறதே என்று பொய்யாக அழுகிறது. நடுகற்களில் புலியோடு போராடிச் செத்தவன் உண்டு, பன்றியோடு போராடியவன் உண்டு. செங்கம் பக்கத்து எடுத்தனூரில் கள்ளர்களைக் கடித்த கோவிவன் என்ற நாய்க்கே பல்லவர் காலக் கல்லில் இடம் கிடைத்திருக்கிறது. ஓநாய் உள்ள கல் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

போன வாரம் ஏரியூர்ப் பக்கம் பட்டி போட்டிருந்த பெரியவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். "ஜோடியா வரும் சாமி. ஒண்ணு நாய்ங்க கண்ணுல பட்டு அதுங்கள இழுத்துக்கிட்டு ஓடும். அந்த நேரம் பாத்து இன்னொண்ணு பட்டிக்குள்ள பூந்து குட்டியத் தூக்கிடும்" என்றார். கோபம் வராதா என்று கேட்டேன். "வராம? ஆனா அதுக்கும் குட்டி இருக்கில்ல" என்றார்.

அதுதான் விஷயம், சேகர். ஓநாய் தின்றதை வயிற்றிலேயே சுமந்துகொண்டு குகைக்கு வந்து குட்டிகளுக்குக் கக்கிக் கொடுக்கும். தாய் மட்டுமல்ல, தகப்பனும் கொடுக்கும், கூட்டத்தில் மற்றதுகளும் கொடுக்கும். பேராசைக்கு நாம் எடுத்துக்காட்டும் அந்த வயிறு, பிள்ளைகளுக்குச் சோறு கொண்டுபோகும் பை! இதைச் சொல்ல நம்மிடம் ஒரு கதை இல்லையே என்று ஆற்றாமையாக இருக்கிறது.

1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் ஓநாய், மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் பட்டியலில்தான் இருக்கிறது. 2014இல் காவிரி வடக்கு சரணாலயமும் வந்தது. ஆனால் ஓநாய்க்குப் பிடித்தது அடர்ந்த காடு இல்லை. முள்ளும் பாறையுமான வெட்டவெளி. அதை நாம் தரிசு என்று எழுதி வைத்து, மனை போடுகிறோம், கல் உடைக்கிறோம். போதாததற்குத் தெருநாய்களிடமிருந்து வெறிநோயும் தொற்றுகிறது.

கூத்து வாத்தியாரிடம் பேசியிருக்கிறேன். இந்த வருஷம் பீமன் மேடையேறும்போது, "உனக்கு ஏனய்யா இந்தப் பெயர்?" என்று கட்டியக்காரன் கேட்கட்டும், வயிற்றில் சுமந்து வரும் சோற்றைப் பற்றிப் பீமன் பதில் சொல்லட்டும் என்றேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார். வைகாசியில் திருவிழா. பேத்தியோடு வரப் பார். டிக்கெட் போட்டதும் எழுது.

அன்புடன்,
முருகேசன்