நீக்கிலாரும் உன் சப்பாத்தும்

அன்பின் மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் சுகம். அப்பாவின் முழங்காலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. போன கிழமை சின்னவள் அனுப்பிய குரற்செய்தியில், "அம்மம்மா, நத்தார் தாத்தா உங்கள் ஹொலண்ட்காரர் என்று ரீச்சர் சொல்கிறார், உண்மையா?" என்று கேட்டிருந்தாள். பின்னால் உன் குரலும் கேட்டது. நீ என்னோடு ஒரு சொல் பேசவில்லை. வேலை அதிகமாக இருக்கும். பிள்ளைக்குப் பதிலை நீயே சொல்லுவாய் என்பதால் உனக்கு எழுதுகிறேன்.

பெயர் இங்கிருந்துதான் போனது. ஒல்லாந்தரின் சின்டர்கிளாஸ்தான் அங்கே சாண்டா கிளாஸ் ஆனார். ஆள் மட்டும் இந்த ஊரவர் அல்லர், இன்றைய துருக்கியில் உள்ள மிரா நகரத்தின் ஆயர். நாவாந்துறையில் நீக்கிலார் என்று கோயில் கட்டிக் கும்பிடுவதும் இவரைத்தான் என்று சின்னவளுக்குச் சொல். கடலோடிகளின் காவலர் ஆகையால் ஆம்ஸ்டர்டாமும் அவரைத் தன் காவலராக வைத்துக்கொண்டது. உட்ரெக்டில் நிக்கலாய் தேவாலயத்தில் ஏழைகளுக்காகச் சப்பாத்து வைத்தார்கள் என்று 1427ஆம் ஆண்டுப் பதிவே இருக்கிறது. புரட்டஸ்தாந்து சமயம் வந்த பிறகு நகரசபைகள் நீக்கிலார் விழாவின் பொம்மைகளையும் இனிப்புகளையும் தடைசெய்து பார்த்தன, ஆனால் பரிசுக்காகப் பிள்ளைகள் வீட்டு அடுப்படியில் வைக்கும் சப்பாத்தை அவற்றால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சப்பாத்து என்றதும் நினைவு வருகிறது: பிள்ளைக்குக் குளிர்காலச் சப்பாத்தை ஓர் அளவு பெரிதாக வாங்கு, உள்ளே கம்பளிக் காலுறை போட இடம் வேண்டும்.

நீ இருக்கும் நியூயோர்க்கை ஒல்லாந்தர் 1664இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். அவர்கள் ஆண்ட காலத்தில் அங்கே இந்த விழா நடந்ததற்கு உறுதியான சான்று இல்லை என்று வரலாற்றாளர் சிலர் சொல்கிறார்கள். 1809இல் வாஷிங்டன் இர்விங் அந்நகரைப் பற்றி எழுதிய வேடிக்கை வரலாற்றில் நீக்கிலாரை உலவவிட்டார். அடுத்த ஆண்டு டிசம்பர் 6ஆம் திகதி ஜோன் பின்டார்ட் என்பவர் நியூயோர்க் வரலாற்றுக் கழகத்தில் அவர் பெயரால் விருந்தே வைத்தார். பாட்டன் கொண்டுபோகாததைப் பேரன்மார் ஆசைப்பட்டுத் தேடி எடுத்திருக்கிறார்கள். இதை வாசித்தபோது எனக்கு உன்னை நினைத்துச் சிரிப்பு வந்தது. இங்கே இருந்தவரை உனக்குப் பிடிக்காத டிசம்பர், அங்கே உன் பிள்ளையின் வகுப்புக்குள் வந்து நிற்கிறது.

உனக்குப் பிடிக்காது என்பது எனக்குத் தெரியும். ஒன்பது ஆண்டுகளாக நீ டிசம்பரில் வீட்டுக்கு வந்ததில்லை. விமானச் சீட்டு விலை என்று சொல்லுவாய், நானும் தலையாட்டுவேன். பத்து வயதில் நீ அப்பாவுக்கு எழுதிய சின்டர்கிளாஸ் பாட்டை ஒல்லாந்து ஆசிரியையே வகுப்பில் வாசித்தாரே, அந்தத் தாள் இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. இவ்வளவு நன்றாக எழுதுகிறவளுக்குத் தாய்க்கு இரண்டு வரி எழுத நேரமில்லை. அது போகட்டும், கம்பளிக் காலுறையை மறக்காதே.

நான் சொல்ல வந்தது, சின்டர்கிளாசோடு வரும் கருநிறப் பணியாளான பீட்டின் உடையைப் பற்றி. உனக்கு எட்டு வயது. "உங்கள் மகளுக்கு முகத்தில் மை பூசும் வேலையே இல்லை" என்று பள்ளியில் சிரித்துக்கொண்டு கேட்டார்கள். என் பிள்ளையைத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள் என்ற பெருமையில் இரண்டு இரவு விழித்திருந்து, நாவல்பழ நிற வெல்வெட்டில் நானே தைத்தேன். கழுத்துக்குச் சரிகை லேஸ், தொப்பியில் இறகு. விழா முடிந்து மற்றப் பிள்ளைகள் கைகழுவும் தொட்டியில் கரியைக் கழுவுவதற்கு வரிசையில் நின்றார்கள். நீயும் சவர்க்காரத்தைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசையில் நின்றாய். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும், படம் எடுத்துவிட்டு, "விளையாட்டுத்தானே" என்று சொல்லி உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அந்தக் கருநிறப் பணியாள் பழைய வழக்கம் என்று எனக்குச் சொன்னார்கள். அவனும், சின்டர்கிளாஸ் ஸ்பெயினிலிருந்து வரும் நீராவிக் கப்பலும் 1850இல் யான் ஸ்கெங்க்மன் என்ற ஆம்ஸ்டர்டாம் ஆசிரியரின் சிறுவர் நூலால் பரவியவை என்பதை நூலகத்தில் வாசிக்க எனக்கு இருபது ஆண்டுகள் பிடித்தன. சுரினாமில் ஒல்லாந்தர் அடிமை முறையை ஒழித்தது அதற்கும் பிறகு, 1863இல். இப்போது தொலைக்காட்சியில் காட்டும் சின்டர்கிளாஸ் வரவேற்பில் பீட்டின் கன்னத்தில் புகைக்கரிக் கீறல் மட்டும்தான். ஆனால் உடையைத் தைத்தது ஸ்கெங்க்மன் அல்ல.

ரைக்ஸ் மியூசியத்தில் நாம் பார்த்த யான் ஸ்டேனின் ஓவியம் நினைவிருக்கிறதா? ஒரு பெண்பிள்ளை பொம்மையை இறுக்கிப் பிடித்திருக்கிறாள், பையன் சப்பாத்தில் பிரம்பு கிடைத்து அழுகிறான், பின்னால் திரையடியில் ஒரு கிழவி அவனைக் கைகாட்டிக் கூப்பிடுகிறாள். நீ அந்தப் பையனையே பார்த்துக்கொண்டு நின்றாய். நான் போன மாதம் தனியாகப் போய் அந்தக் கிழவியைப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஒரு பொதி அனுப்பியிருக்கிறேன். பெப்பர்நோட்டன் பிஸ்கட், சின்னவளின் பெயரெழுத்தில் சொக்லேட், உன் எழுத்தில் இன்னொன்று. 5ஆம் திகதி இரவு சப்பாத்தில் சின்டர்கிளாசின் குதிரைக்குக் கரட் வைக்கச் சொல். அவள் தூங்கிய பிறகு கரட்டைக் கடித்துத் தின்றுவிடு, குப்பைக் கூடையில் போடாதே. நீ ஆறு வயதில் அங்கேதான் கண்டுபிடித்தாய்.

அன்புடன்
அம்மா