பத்துப் பத்து நிமிடமாக நடந்தாலும் அது நடைதான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நடைப்பயிற்சி பற்றி உங்கள் நாளிதழில் வருவதையெல்லாம் வெட்டி வைத்துப் படிப்பவள் நான். பெரும்பாலும் எல்லாவற்றிலும் விடியற்காலை, பூங்கா, ஒரு மணி நேரம் என்றுதான் இருக்கிறது. எனக்கு வயது 54. 26 வருடமாகத் தையல் வேலை. காலையில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கவே முடியாத என் போன்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.2 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, தாண்டினால் சர்க்கரை நோய் என்றார் டாக்டர். சாயங்காலம் ஆனால் கணுக்கால் வீங்குவதையும் சொன்னேன். மெஷினில் மோட்டார் மாட்டிய பிறகு காலுக்கு வேலையே இல்லாமல் போயிருந்தது. "நேரம் இல்லை டாக்டர்" என்றதும், "மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் நடங்கம்மா, போதும்" என்றார்.

நான் கேட்கவில்லை. போனில் நாளுக்குப் பத்தாயிரம் காலடி என்று இலக்கு வைத்து, முதல் வாரமே மூட்டு வலி வந்து, மூன்று வாரம் நடையையே விட்டுவிட்டேன். அப்புறம்தான் அந்தப் பத்தாயிரத்தின் கதையைப் படித்தேன். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரே 'பத்தாயிரம் அடி மானி'. அந்தப் பெயர்தான் உலகம் முழுக்கப் பரவி விதி போல ஆகிவிட்டது. 2019இல் அமெரிக்காவில் வயதான பெண்களை வைத்து வெளியான ஆய்வில், நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு நன்றாகவே குறைந்திருந்தது. 7,500க்கு மேல் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் அந்த மூன்று வாரம் வீணாகியிருக்காது.

சரி என்று டாக்டர் சொன்னபடியே ஆரம்பித்தேன். சாப்பிட்டதும்தான் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். அந்த நேரத்தில் நடந்தால், வேலை செய்கிற கால் தசைகள் இன்சுலினுக்குக் காத்திராமலே சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் சுருங்கி, கீழே தேங்கும் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. என் கணுக்கால் வீக்கம் வடிந்ததற்கு இதுதான் காரணம் என்று டாக்டர் விளக்கினார். இப்போது ஒவ்வொரு துணி தைத்து முடித்ததும் எழுந்து வாசல் வரை போய் வருகிறேன்.

ஆறு மாதத்தில் 6.2 என்பது 5.8 ஆனது. எடை இரண்டு கிலோதான் குறைந்தது. எடை மெஷினை மட்டும் பார்த்திருந்தால் மனம் விட்டுப்போயிருக்கும்.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தடவைக்குப் பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்ய வேண்டும் என்று முன்பு இருந்த நிபந்தனையையும் 2020இல் எடுத்துவிட்டது. ஐந்து நிமிடமும் கணக்கில் சேரும். வேகத்துக்கு அளவு எளிது: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் அப்போதே நின்றுவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது, பாதத்தில் காயம் பட்டாலும் தெரியாமல் போகலாம்.

லண்டனின் இரண்டு அடுக்கு மாடிப் பேருந்துகளை வைத்து ஜெரமி மோரிஸ் செய்த ஆய்வு 1953இல் வெளியானது. உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. அந்தக் கண்டக்டர்கள் யாரும் உடற்பயிற்சி என்று நினைத்து நடந்தவர்கள் இல்லை, அவர்கள் வேலையே அது. எங்கள் வேலை அந்த டிரைவர்களுடையது போன்றது.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நடைப்பயிற்சிக் கட்டுரை போடும்போது தையல்காரர், டிரைவர், கல்லாவில் உட்காருபவர், கணினி முன் இருப்பவர் என்று உட்கார்ந்தே பிழைப்பவர்களுக்காக ஒரு பக்கம் ஒதுக்குங்கள். படத்தில் பூங்காவும் விலை உயர்ந்த ஷூவும் வேண்டாம். வேலைக்கு நடுவே எழுந்து நடக்கிற ஒருவரைப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
ஒரு தையல்காரர்