டேன்வர்ஸ் குன்றில் குடியேறப் போகும் மகளுக்கு

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்பு மகளுக்கு,

பாஸ்டனுக்கு வடக்கே டேன்வர்ஸ் ஊரில், பழைய மனநல மருத்துவமனை இருந்த குன்றின்மேல் வீடு பார்த்திருப்பதாகவும், உடன் வேலை செய்பவர்கள் அங்கே பேய் உலவுவதாகப் பயமுறுத்துவதாகவும் எழுதியிருந்தாய். வேறு இடம் பார்க்கச் சொல் என்று உன் அப்பா உடனே சொல்லிவிட்டார். இருபத்தாறு ஆண்டுகள் இத்தகைய வார்டுகளில் தாதியாக இருந்தவள் சொல்வதையும் கேட்டுவிட்டு முடிவு செய்.

அந்தக் கட்டடத்தை யாரும் கெட்ட எண்ணத்தோடு எழுப்பவில்லை. 1878இல் திறக்கப்பட்ட அது, பிலடெல்பியா மருத்துவர் தாமஸ் கர்க்பிரைடு வகுத்த முறையில் அமைந்தது: நடுவில் நிர்வாகப் பகுதி, இருபுறமும் ஒன்றைவிட ஒன்று சற்றே பின்னால் தள்ளி நிற்கும் வார்டுகள். எந்த அறைக்கும் காற்றும் வெயிலும் தடைபடக் கூடாது என்பதுதான் கணக்கு. மேலிருந்து பார்த்தால் வௌவால் சிறகு விரித்தது போலிருக்கும் என்பார்கள். பேய்க்கதை சொல்பவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. ஏறக்குறைய 500 பேருக்காகக் கட்டிய இடத்தில் 1930களின் இறுதியில் 2,000க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். நான் பணியில் சேர்ந்த வார்டிலும் கட்டில்களுக்கு நடுவே உடம்பை ஒருக்களித்துக்கொண்டுதான் நடக்க முடியும். நாற்பது பேருக்கு இரவில் நாங்கள் இருவர். அந்த நெரிசலில் பராமரிப்பு காவலாக மாறிவிடுகிறது. அதற்குப் பேய் எதற்கு?

மூளையை வெட்டும் லோபாட்டமி சிகிச்சை அங்கேதான் பிறந்தது என்று உன் தோழி சொன்னது பிழை. 1935இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் தொடங்கியது அது. மறு ஆண்டே வாஷிங்டனுக்கு வந்து, பிறகு பல மருத்துவமனைகளுக்குப் பரவியது.

1992இல் மூடிய கட்டடம் பதினான்கு ஆண்டுகள் பாழடைந்து கிடந்தது. பாதுகாக்க வேண்டிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் இருந்தபோதிலும், 2006இல் பெரும்பகுதியை இடித்து, நடுப்பகுதி, அதை ஒட்டிய இருபுறச் சிறகுகள் ஆகியவற்றின் வெளிச்சுவர்களை மட்டும் விட்டுவைத்துப் புதிய குடியிருப்பைக் கட்டினார்கள். முகம் மட்டும் போதும் என்ற அந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கவில்லை. 2007 ஏப்ரலில் கட்டுமானத்தில் தீப்பிடித்ததையும் ஆவிகளின் கோபம் என்றார்களாம்! மருத்துவமனையை மூடியதை நான் குறை சொல்ல மாட்டேன்; வெளியே போனவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதே என் கேள்வி. நம் நாட்டில் 2016ஐ ஒட்டி லைஃப் எசிடிமெனி என்ற மனநலப் பராமரிப்பு இல்லங்களிலிருந்து அவசரமாக இடம் மாற்றப்பட்டவர்களில் 144 பேர் இறந்ததை நீ மறந்திருக்க மாட்டாய்.

டேன்வர்ஸ் மருத்துவமனையில் இறந்து, உரிமை கோர ஆளின்றிப் புதைக்கப்பட்டவர்கள் எழுநூறுக்கும் மேல். அவர்களுடைய கல்லறைகளில் முன்பு பெயர் இருக்கவில்லை. சிறிய கல்லும் அதில் ஓர் எண்ணும் மட்டுமே. முன்னாள் நோயாளிகளே கூடி, பதிவேடுகளைத் தேடி, புதரை வெட்டி, அந்த எண்களுக்குரிய பெயர்களைக் கண்டெடுத்துப் பொறித்தார்கள். இதைப் படித்தபோது நம் பூட்டனாரின் நினைவு வந்தது. 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து இங்கே நேட்டாலுக்கு வந்த 1,52,184 ஒப்பந்தத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இருந்தது அல்லவா? கப்பல் பட்டியலில் அவருடைய எண் தெளிவாக இருக்கிறது. பெயரைத்தான் எழுத்தர் சிதைத்துவிட்டார்.

என் வார்டில் ஒரு கிழவி இருந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவே மாட்டார்; காது கேளாது என்று கோப்பில் எழுதியிருந்தார்கள். அந்தக் கோப்பில் இருந்த பெயரே பிழை என்று எனக்கு ஒருநாள் தோன்றி, தமிழில் சரியாகக் கூப்பிட்டேன். மருத்துவமனை அங்கிக்கு ஏது முந்தானை? ஆனாலும் தோளில் இழுத்து விடுவதுபோல் கையை உயர்த்தி, "என்னம்மா?" என்றார்.

வீட்டை எடுத்துக்கொள். முன்பணம் கட்டுவதற்கு முன் குன்றுப் பாதையில் பனி அள்ளுவது யார் பொறுப்பு என்று கேள். குடியேறியதும் அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், சில பெயர்களையாவது உச்சரிப்பு பிசகாமல் தமிழில் எழுதி அனுப்பு. புரட்டாசிப் படையலின்போது நான் வாசிக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா