ஸ்கூபா குளப் பயிற்சி: வெட்சூட் குறித்து உறுப்பினர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூரில் நடைபெறவுள்ள தொடக்கநிலை ஸ்கூபா பயிற்சிக்கு (சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி நீருக்கடியில் நீந்துவது), உடற்சூட்டைக் காக்கும் ரப்பர் உடையான வெட்சூட் தேவையா என்று பலரும் கேட்டிருந்தீர்கள். கட்டாயமில்லை, ஆயினும் அணிந்து வருவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. நம் டெல்டா வெயிலுக்கு இது எதற்கு என்று தோன்றலாம். ஆனால், தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடற்சூட்டை இழுத்துக்கொள்வதாலும், நீந்தும் நேரத்தைவிடக் குளத்தின் அடியில் மண்டியிட்டு, முகக்கண்ணாடிக்குள் புகுந்த நீரை மூக்கால் ஊதி வெளியேற்றிப் பழகும் நேரமே அதிகம் என்பதாலும், 28 டிகிரி நீரில்கூடச் சிலருக்கு ஒரு மணி நேரத்தில் உடல் நடுங்கத் தொடங்கிவிடும். மார்கழிக் காலையில் கேட்கவே வேண்டாம். நடுங்குபவருக்குச் சிலிண்டர் காற்றும் விரைவில் தீரும், கவனமும் சிதறும்.

வெட்சூட்டுக்கு 3 மி.மீ. தடிமன் போதும். அது செய்யப்படும் நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பருக்குள் நுண்குமிழ்கள் இருப்பதால் உடல் கூடுதலாக மிதக்கும். எனவே உடலை நீருக்குள் அமிழ்த்த அணியும் ஈயக்கட்டிகளைக் கூட்டும்படி பயிற்றுநரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கழுத்தை இறுக்கும் உடையைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அங்குள்ள இரத்த நாளம் அழுந்தினால் மயக்கம் வரக்கூடும். வெட்சூட் இல்லாதவர்கள், தோளில் சிலிண்டரின் வார் உரசாதபடி முழுக்கை நீச்சல் சட்டை அணிந்து வரவும். குளோரின் நியோப்ரீனைக் கெடுக்கும் என்பதால், பயிற்சி முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தவும்.