ஜமுக்காளத்தில் உட்கார யார் வருவார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாக்காளர்கள் காசு வாங்கிக்கொண்டு வாக்குப் போடுகிறார்கள், அரசியல் கெட்டுப்போனதற்கு அவர்களே காரணம் என்று தங்கள் இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. படித்து இரண்டு நாள் ஆகியும் எனக்கு மனம் ஆறவில்லை. பழி முழுவதையும் எங்கள் தலையில் கட்டியவர், ஆள்கிறவர்களுக்கும் எங்களுக்கும் இடையே விழுந்திருக்கும் தூரத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் தாமிரபரணிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி. கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவத்திலும் தண்ணீரை நம்பியே பிழைப்பு. சென்ற சுதந்திர தினத்தன்று எங்கள் ஊர்க் கிராம சபையில் நடந்ததைச் சொல்கிறேன்.

பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். எதிரே நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள். கூட்டம் தொடங்கும் முன்பே கையெழுத்து நோட்டு சுற்றுக்கு வந்துவிட்டது. வரவு செலவு வாசித்த வேகத்தில், எந்தத் தொகை எந்தத் தெருவுக்குச் செலவானது என்பது யார் காதிலும் ஏறவில்லை. என் பக்கத்தில் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா மடியில் பீடித் தட்டோடு உட்கார்ந்திருந்தார். அன்றைய கணக்கு குறைந்தால் கூலி குறையும். விடுமுறை நாளிலும் கை ஓயவில்லை. இலையில் தூளை வைத்துச் சுருட்டி, நூலைச் சுற்றி, தலையை மடக்கி, ஒவ்வொன்றாகத் தட்டில் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

வாசிப்பு முடிந்ததும் அவர் தட்டை என்னிடம் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். "ஆறு நம் ஊரைத் தொட்டுக்கொண்டுதான் ஓடுகிறது. நம் குழாய் வழியாகத்தான் அடுத்த மாவட்டம் வரைக்கும் தண்ணீர் போகிறது. எங்கள் தெருவுக்கு மட்டும் ஏன் இரண்டு நாளுக்கு ஒரு தடவை?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, நியாயம் கேட்கிற தோரணை இருந்தது. நாற்காலியில் இருந்து வந்த பதில் இதுதான்: "மனுவாக எழுதிக் கொடுங்கள் அம்மா, மேலே அனுப்பி வைக்கிறோம்."

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அத்தனை பேரும் சேர்ந்ததுதான் கிராம சபை என்கிறது சட்டம். அந்த அம்மாவே சபை. தீர்மானம் போட வேண்டியவரிடமே மனு கேட்கிறார்கள்! மனு கேட்டவருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை, சுற்றி இருந்த எங்களுக்கும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து அவர் சொல்லச் சொல்ல மனுவை எழுதும்போதுதான் எனக்கே உறைத்தது. வாக்குப் போடும் ஒரு நாள் போக மற்ற நாள் எல்லாம் எங்களை மனுதாரர்களாகவே வைத்துப் பழக்கிவிட்டார்கள்.

இந்த மண்ணில் மனுவுக்கு வேறொரு நினைவும் இருக்கிறது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக மனுக் கொடுக்கத்தான் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலம் போனது. போலீஸ் தடியடியில் 17 பேர் தாமிரபரணி ஆற்றில் பிணமானார்கள். அவர்களில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு அந்த ஆற்றுப் பாலத்தைக் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் எனக்கு அது ஞாபகம் வரும்.

நெல்லைக்கு வடக்கே மானூர்க் கோயிலில் ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முந்தைய பாண்டியர் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சோழர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கும் முந்தியது. ஊர்ச் சபை எப்படிக் கூட வேண்டும், யார் உறுப்பினர் ஆகலாம் என்று அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வருகிற யோசனைக்கெல்லாம் "அன்று, அன்று" (அல்ல, அல்ல) என்று மறுத்துக் கூட்டத்தை முடக்குகிறவருக்கு ஐந்து காசு தண்டம். நிலமும் வேதக் கல்வியும் இருந்தால்தான் அந்தச் சபையில் இடம். என் முன்னோர் அதன் வாசலில்கூட நின்றிருக்க முடியாது. 1993-ல் அரசியலமைப்பின் 73-வது திருத்தம் நடைமுறைக்கு வந்தபோதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு அந்த இடம் சட்டப்படி கிடைத்தது. கிடைத்ததை இவ்வளவு அலட்சியமாக நடத்துகிறார்களே என்பதுதான் என் ஆற்றாமை.

அந்த இடத்தையும் பாதி நாள் பூட்டியே வைத்திருந்தார்கள். 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. நெல்லை, தென்காசி உட்பட ஒன்பது மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். ஐந்து ஆண்டுகள்! தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லை. ஒன்றிய அலுவலகத்துக்குப் பஸ் ஏறிப் போய், ஊராட்சியைக் கவனிக்க அரசு நியமித்த தனி அலுவலரைப் பார்த்தோம். மற்ற மாவட்டங்களின் ஊராட்சிகளில் 2025 ஜனவரியில் மறுபடியும் தனி அலுவலர் ஆட்சி வந்தது. எங்கள் ஊராட்சியின் பதவிக்காலம் 2026 அக்டோபர் வரைதான். சட்டமன்றத் தேர்தலை எவராவது இப்படித் தள்ளிப் போட்டிருந்தால் நாடு சும்மா இருந்திருக்குமா?

காசு விஷயத்துக்கு வருகிறேன். வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் 2024-ல் மக்களவைக்குப் போன 543 பேரில் 504 பேர் கோடீஸ்வரர்கள். அவர்களே கொடுத்த பிரமாணப் பத்திரங்களை வைத்து ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் போட்ட கணக்கு இது. பீடித் தட்டை மடியில் வைத்திருக்கும் ஒருவர் அந்த வரிசையில் போய் நிற்பது எப்படி? ஆட்சியில் பங்கு இல்லை, கேள்விக்குப் பதில் இல்லை, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை கவர் மட்டும் வீடு தேடி வருகிறது. அதை வாங்கும் கையை மட்டும் படம் பிடித்துப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தேர்தல் நெருங்கினால் போதும், வேட்பாளர்கள் திறந்த வேனில் நின்றபடி கை கூப்புவார்கள், பெண்களை ஆரத்தித் தட்டோடு உச்சி வெயிலில் மணிக்கணக்கில் நிற்க வைப்பார்கள். எனக்கு வேண்டியது அந்த வேனில் இருந்து இறங்கி வருவதுதான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். தொகுதியில் ஏதாவது இரண்டு ஊருக்கு, முன்கூட்டி ஆள் திரட்டாமல், மாலை மரியாதை இல்லாமல், சட்டமன்ற உறுப்பினரும் நாடாளுமன்ற உறுப்பினரும் வந்து ஜமுக்காளத்தில் உட்காரட்டும். முடியாத காரியம் இல்லை. அப்போது முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலினே 2021 அக்டோபர் 2 அன்று மதுரை மாவட்டம் பாப்பாபட்டி கிராம சபைக்குப் போனார். நான் அதை மனதார வரவேற்றேன். ஆனால் முப்பது ஆண்டுகளில் வென்ற எந்தக் கட்சிக்காரரும் எங்கள் ஊர்ச் சபைக்கு வந்து நான் பார்த்ததில்லை. சென்ற முறை போட்ட தீர்மானங்கள் என்ன ஆயின என்பதை முதலில் வாசித்துவிட்டுப் புதிய கூட்டத்தைத் தொடங்கும் வழக்கமும் வர வேண்டும்.

அந்த அம்மாவின் மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வந்தது. தண்ணீர் இன்னும் இரண்டு நாளுக்கு ஒரு தடவைதான் வருகிறது. இந்த முறை மனு வேண்டாம், தீர்மானமாகவே எழுதுங்கள் என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். நானும் கூட நிற்பேன்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். கட்சி மாநாடுகளுக்கு நாலைந்து நிருபர்களை அனுப்புகிறீர்கள். வருகிற குடியரசு தினத்தன்று ஏதாவது ஒரு கிராம சபைக்கு ஒருவரை அனுப்புங்கள். நாற்காலி பக்கம் போகாமல், ஜமுக்காளத்தில் எங்களோடு உட்காரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
திருநெல்வேலி மாவட்டம்.